பீஸ் ரேட் வேலை பாதியாகிவிட்டது, மகளுக்குக் கட்ட வேண்டிய ஜீவனாம்ச பாக்கி ஏறிக்கொண்டே போகிறது. சட்டப்படி என்ன வழி?

பல்லடம்ரோடு

எல்லோருக்கும் வணக்கமுங்க. திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் பீஸ் ரேட்டுக்கு, அதாவது தைக்கிற உருப்படிக்கு இவ்வளவு என்ற கூலிக்குத் தைக்கிறேன், சிங்கர் டெய்லர். எனக்கும் மனைவிக்கும் விவாகரத்து ஆகிவிட்டது. மகள் மூன்றாம் வகுப்பு, அம்மாவோடு அம்மிச்சி (பாட்டி) வீட்டில் இருக்கிறாள். மகளுக்கு மாதம் 7000 ரூபாய் கட்ட வேண்டும் என்று 2023-ல் குடும்ப நல நீதிமன்றத்தில் ஆர்டர். அவளுடைய அம்மா தனக்கென்று எதுவும் கேட்கவில்லை. அப்போது வாரம் ஆறு நாளும் ஒன்றரை ஷிஃப்ட் ஓடியது, சனிக்கிழமை கையில் 4500, 5000 வரும். ஒரு மாதம்கூடத் தவறவிடாமல் கட்டி வந்தேன்.

2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டது எல்லோருக்கும் தெரியும். எங்கள் கம்பெனிக்கு வந்ததில் பெரும்பகுதி அந்த ஊர் ஆர்டர்தான். தீபாவளிக்கு முன்னாலேயே ஒன்றரை ஷிஃப்ட் ஒரு ஷிஃப்ட் ஆனது, அப்புறம் வாரத்துக்கு மூன்று நாள் வேலை இருந்தால் பெரிது என்று ஆகிவிட்டது. இப்போது சனிக்கிழமை 2000 ரூபாய் பார்ப்பதே அரிது. லைன் வீட்டு வாடகை 3500, அதுபோக மளிகை, அப்பாவுக்குச் சர்க்கரை மாத்திரை. ஐந்து மாதமாக ஆர்டர்படி கட்ட முடியவில்லை. பாக்கி 35,000 ஆகிவிட்டது.

போன வாரம் கோர்ட்டிலிருந்து நோட்டீஸ் வந்தது. பாக்கியை வசூலிக்க அவர்கள் மனு போட்டிருக்கிறார்கள். ஒருவர் ஜெயிலுக்குப் போனால் கணக்கு முடிந்துவிடும் என்கிறார், இன்னொருவர் கொஞ்ச நாளைக்குக் கேரளா பக்கம் போய்விடு என்கிறார். என் மகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. இந்தப் பாக்கியைத் தள்ளுபடி செய்ய வழி இருக்கிறதா, இல்லை மாதத் தொகையையாவது குறைக்க முடியுமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்க.

சோமனூர்_தறி

நண்பா, உங்கள் நிலைமை நன்றாகப் புரிகிறது. 2022 தொடக்கத்தில் கூலி உயர்வு கேட்டு நம்ம கோவை, திருப்பூர் மாவட்டத்துக் கூலித்தறியெல்லாம் வாரக்கணக்கில் நின்றதே, அப்போது எங்கள் பக்கத்திலும் ஒருவர் இப்படித்தான் மாட்டினார். கையில் காசே இல்லை. கோர்ட்டில் கட்ட முடியாது என்று சொல்லிவிட்டு ஒரு மாதம் உள்ளே இருந்துவிட்டு வந்தார். அதோடு அந்தப் பாக்கி கழிந்தது என்றுதான் ஊரில் பேச்சு. இல்லாதவனிடம் எங்கே போய்ப் பிடுங்குவார்கள்? மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீங்க.

கோபி_கருப்புக்கோட்டு

சோமனூர்க்காரர் நல்ல மனதோடு சொல்கிறார், ஆனால் அது தவறு. அதை நம்பிக் கெட்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பாக்கிக்காக ஜெயிலுக்கு அனுப்புவது பணத்தைக் கட்ட வைப்பதற்கான நெருக்கடி மட்டுமே. உள்ளே இருந்துவிட்டு வந்ததால் பாக்கி அடைந்ததாக ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. வெளியே வந்த பிறகும் 35,000 அப்படியே நிற்கும். நடுவில் உங்கள் வேலையும் போயிருக்கும்.

தம்பி பல்லடம்ரோடு, உங்கள் நோட்டீஸில் எந்தப் பிரிவு போட்டிருக்கிறது என்று பாருங்க. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 125-வது பிரிவு என்று சொல்வோம். 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாகப் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதுச் சட்டம் வந்துவிட்டதால் அது 144. விஷயம் அதேதான். ஆர்டரை மதிக்காமல் போதுமான காரணம் இல்லாமல் கட்டாமல் இருந்தால் வாரண்ட் போட்டு, அபராதத்தை வசூலிக்கிற முறையிலேயே வசூலிக்கலாம். அதற்கும் தேறாவிட்டால் ஒவ்வொரு மாத பாக்கிக்கும் ஒரு மாதம் வரை, அல்லது பணம் கட்டுகிற வரை சிறை. ஒரு மனுவுக்கு மொத்தமே ஒரு மாதம்தானா, மாதத்துக்கு ஒரு மாதமா என்பதில் நீதிமன்றங்கள் பல விதமாகத் தீர்ப்புச் சொல்லியிருக்கின்றன. அதை நம்பிக் கணக்குப் போட வேண்டாம்.

'போதுமான காரணம் இல்லாமல்' என்று சட்டமே சொல்கிறது, கவனிச்சுக்குங்க. வேலை குறைந்தது உங்கள் காரணம். ஆனால் அதை நீங்கள்தான் நேரில் போய்க் காட்ட வேண்டும். கேரளாவுக்குப் போனவனுக்குக் காரணம் சொல்ல வாய்ப்பே கிடைக்காது. அவன் எங்கே இருக்கிறானோ அந்த ஊர் மாஜிஸ்ட்ரேட்டே ஆர்டரை நிறைவேற்றலாம் என்று சட்டத்தில் இருக்கிறது.

இனி நீங்கள் கேட்ட இரண்டு கேள்வி. பழைய பாக்கியைத் தள்ளுபடி செய்வது மிக அரிது, அதை எதிர்பார்த்து உட்கார வேண்டாம். தவணை கேட்கலாம், பெரும்பாலும் கிடைக்கும். மாதத் தொகையைக் குறைக்க 146-வது பிரிவு இருக்கிறது, பழைய 127. கொடுப்பவரின் நிலைமையோ வாங்குபவரின் நிலைமையோ மாறிவிட்டது என்று நிரூபித்தால் நீதிமன்றம் தொகையை மாற்றலாம். ஒன்று சொல்கிறேன், கண்டிப்பாகக் கேளுங்க. குறைத்தாலும் அது பொதுவாக நீங்கள் மனு போட்ட தேதிக்குப் பிந்தைய மாதங்களுக்குத்தான் உதவும். வேலை குறைந்த செப்டம்பரிலேயே மனு போட்டிருந்தால் இந்த ஐந்து மாதமும் அந்தக் கணக்குக்குள் வந்திருக்கும். இனித் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் முழு 7000 ஆகவே ஏறும். அதனால் நோட்டீஸுக்குப் பதில் போடும் அன்றே 146 மனுவையும் போடுங்க.

சென்னிமலைக்காரி

அண்ணா, நான் எதிர்ப்பக்கம் நிற்பவள். எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துத்தான் எழுதுகிறேன்.

என் மகன் ஆறாம் வகுப்பு. நான் பெட்ஷீட்டுக்கு ஓரம் அடிக்கப் போகிறேன். அவனுடைய அப்பாவுக்கும் தொழில் சரியில்லை, அது எனக்கும் தெரியும், நானும் அதே தொழிலில்தானே இருக்கிறேன். ஆனால் அவர் போனை எடுப்பதையே விட்டுவிட்டார். இந்த மாதம் வருமா, பாதி வருமா, எதுவும் தெரியாமல் வேன்காரரிடம் நான் எப்படித் தேதி சொல்வது? முடியாது என்று ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்லியிருந்தால் அரசுப் பள்ளிக்கு மாற்றியிருப்பேன், இல்லை சீட்டைத் தள்ளி எடுத்திருப்பேன். ஜூனில் புது ஷூ வாங்கவில்லை. பழைய ஷூவின் பின்பக்கத்தை மடித்து மிதித்தபடியே போய் வந்திருக்கிறான், என்னிடம் சொல்லவே இல்லை. ஒரு நாள் கழற்றிப் போட்டதைத் துடைக்க எடுத்தபோதுதான் குதிகால் பக்கம் தோல் உரிந்து அட்டை தெரிந்தது. கடையில் அளவு பார்த்தால் கால் இரண்டு சைஸ் வளர்ந்திருக்கிறது.

உங்கள் மேல் கோபமாக இதை எழுதவில்லை. ஆர்டர் குறைந்தால் உங்கள் சம்பளம் குறையும். உங்கள் மகள் சாப்பிடுவது குறையாது. அவளுடைய அம்மாவுக்கு இன்றைக்கே ஒரு மெசேஜ் போடுங்க. வேலை இவ்வளவுதான் இருக்கிறது, இந்த மாதம் 2500 தான் முடியும், இந்தத் தேதியில் போடுகிறேன் என்று. போட்டுவிட்டு அந்தத் தேதியில் பணத்தையும் போடுங்க.

பல்லடம்ரோடு

தங்கச்சி, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு உடனே பதில் எழுத முடியவில்லை. நான் போனை எடுக்காமல் இருக்கவில்லை, ஆனால் பணம் இல்லாமல் பேசக் கூச்சப்பட்டுக் கூப்பிடுவதைக் குறைத்தது உண்மை. இன்றைக்கு மெசேஜ் போட்டேன். 'சரி, தேதியில் போடுங்க' என்று மட்டும் பதில் வந்தது.

வக்கீல் அண்ணா, இரண்டு சந்தேகம். தீபாவளிக்கு மகளுக்குத் துணி, வெள்ளிக் கொலுசு எடுத்துக் கொடுத்தேன், போனஸில் கொஞ்சம் ரொக்கமாகவும் கையில் கொடுத்தேன். அதைப் பாக்கியில் கழிக்க முடியுமா? இன்னொன்று, எங்களுக்குச் சம்பளச் சீட்டு என்று எதுவும் கிடையாது, கவரில் போட்டுக் கொடுப்பார்கள். வேலை குறைந்துவிட்டது என்று எதை வைத்து நிரூபிப்பது?

கோபி_கருப்புக்கோட்டு

துணியும் கொலுசும் அப்பா மகளுக்குச் செய்தது. அதை ஜீவனாம்சக் கணக்கில் கழிக்கக் கேட்டால் நீதிபதி ஏற்பது கடினம், கேட்பதே உங்கள் மேல் இருக்கிற நல்ல எண்ணத்தைக் கெடுக்கும். ரொக்கத்தை அந்த அம்மா ஒப்புக்கொண்டால் கழியும், இல்லாவிட்டால் நிரூபிக்க வழி இல்லை. இனிமேல் 500 ரூபாயாக இருந்தாலும் அவர்களுடைய வங்கிக் கணக்குக்கே அனுப்புங்க. ஜிபே, போன்பே எதிலாவது அனுப்பும்போது குறிப்பில் எந்த மாதத்துக்கு என்று எழுதுங்க. கட்ட முடிந்ததைத் தவறாமல் கட்டி வந்திருக்கிறான் என்பதைவிட நல்ல சாட்சி உங்களுக்கு வேறு கிடையாது.

அடுத்து ஆதாரம். கவரில் சம்பளம் வாங்குபவர்கள் எல்லோரும் இங்கேதான் திணறுகிறார்கள். உங்களுக்குப் பிஎஃப் பிடிக்கிறார்களா? பிடித்தால் யுஏஎன் என்கிற உங்கள் பிஎஃப் நம்பரை வைத்துப் பாஸ்புக்கை எடுங்க. மாதாமாதம் எந்தச் சம்பளத்துக்கு எவ்வளவு கட்டினார்கள் என்று அதில் வரிசையாக இருக்கும். ஈஎஸ்ஐ இருந்தால் அதிலும் மாதவாரியாகச் சந்தா விவரம் இருக்கும். தொழிலாளி பங்கு சம்பளத்தில் 0.75 சதவீதம்தான், ஆனால் சந்தா குறைந்திருந்தால் சம்பளம் குறைந்தது அரசுப் பதிவிலேயே தெரிந்துவிடும். இரண்டும் இல்லாவிட்டால் வங்கிக் கணக்கு, வாடகை ரசீது, அப்பாவின் மருந்துச் சீட்டு, கூட வேலை செய்பவர் ஒருவரின் சாட்சி.

இதையெல்லாம் வைத்துச் சொத்து, கடன், வருமானம் பற்றிய பிரமாண வாக்குமூலம் தாக்கல் செய்ய வேண்டும். 2020 நவம்பரில் ரஜ்னேஷ் - நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை இரண்டு பக்கத்துக்கும் கட்டாயமாக்கியது. படிவம் பெரிதாக இருக்கும், பயப்பட வேண்டாம். ஆனால் ஒன்றையும் மறைக்காதீங்க. வீட்டில் ஒரு தையல் மெஷின் வைத்து வெளி வேலை செய்து 300 ரூபாய் வந்தாலும் எழுதுங்க. பொய் வாக்குமூலம் கொடுத்தால் அதற்கென்று தனி நடவடிக்கை வரும். அது போக, பின்னால் நீங்கள் சொல்லும் உண்மையைக்கூட யாரும் நம்ப மாட்டார்கள்.

வக்கீல் ஃபீஸ் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்லிவிடுகிறேன். கோர்ட் வளாகத்திலேயே மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும். தாலுகா அளவிலும் குழு உண்டு. 1987-ஆம் வருடச் சட்டத்தின் 12-வது பிரிவில் இலவச சட்ட உதவிக்குத் தகுதியானவர்கள் பட்டியலில் ஆலைத் தொழிலாளியும் இருக்கிறார். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானமே பார்க்க மாட்டார்கள். போனில் கேட்க வேண்டும் என்றால் 15100.

அவிநாசி_பவர்டேபிள்

நான் 18 மெஷின் வைத்து ஜாப் வொர்க் எடுத்துச் செய்கிறவன். ஓனர் பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன். உங்கள் கம்பெனியில் கேட்டால் ஷிஃப்ட் குறைந்தது பற்றி லெட்டர்பேடில் எழுதித் தரத் தயங்குவார்கள். எங்கே நஷ்ட ஈடு, லேஆஃப் என்று பிரச்சினை வருமோ என்கிற பயம்தான். நேராக ஆபீஸில் கேட்காமல் உங்கள் சூப்பர்வைசரிடம் முதலில் பேசுங்க. 'இவர் இந்த மாதத்திலிருந்து வாரத்துக்கு இத்தனை நாள் வேலை பார்க்கிறார்' என்று வருகைப் பதிவை வைத்து இரண்டு வரி மட்டும் கேட்டால் தருவார்கள். என்னிடம் போன மாதம் ஒரு ஓவர்லாக் டெய்லர் கேட்டார், கொடுத்தேன்.

இன்னொன்றையும் மனது நோகாமல் எடுத்துக்கொள்ளுங்க. எக்ஸ்போர்ட் படுத்திருக்கிறது உண்மை. ஆனால் உள்நாட்டு ஆர்டர் முழுசாக நிற்கவில்லை. காதர்பேட்டை மொத்த வியாபாரச் சந்தைக்குப் போகிற சரக்குக்கு எங்களைப் போன்ற சின்ன யூனிட்டுகளில் ஆள் தேவை இருக்கிறது. ரேட் குறைவுதான். எக்ஸ்போர்ட்டில் கை பழகியவர்கள் உள்நாட்டு வேலைக்கு வரக் கௌரவம் பார்க்கிறார்கள். மீதி மூன்று நாளைக்கு அப்படி ஒரு இடத்தில் உட்கார்ந்தால் வாரம் 1200, 1500 கூட வரும்.

கோபி_கருப்புக்கோட்டு

பவர்டேபிள்காரர் சொன்னது தொழில் யோசனை மட்டும் இல்லை, வழக்குக்கும் அதுதான் முக்கியம். உடம்பில் தெம்புள்ள ஆண் கூலி வேலை செய்தாவது மனைவி, மைனர் குழந்தையைக் காப்பாற்ற வேண்டும் என்று 2022-ல்கூட உச்ச நீதிமன்றம் அழுத்திச் சொல்லியிருக்கிறது. அதனால் நீதிபதி உங்களிடம் கேட்கப்போவது 'வேலை குறைந்ததா' என்று மட்டும் இல்லை. 'மீதி நாளில் என்ன செய்தாய்' என்றும் கேட்பார். அதற்கு உங்களிடம் பதில் இருக்க வேண்டும். இரண்டு யூனிட்டில் போய்க் கேட்டேன், வாரத்தில் ஒரு நாள் கிடைக்கிறது, அந்தப் பணம் இந்தத் தேதியில் கணக்கில் வந்திருக்கிறது என்று காட்டினால் 7000 என்பது 4500 ஆகவோ 5000 ஆகவோ குறைய நியாயமான வாய்ப்பு உண்டு. 1000 ரூபாய் ஆக்கித் தாருங்கள் என்று கேட்டால் மொத்த மனுவும் தள்ளுபடியாகும்.

பைக் ட்யூ, தனியார் ஃபைனான்ஸ் தவணை இதையெல்லாம் முன்னால் வைக்காதீங்க. நாமாக வாங்கிய கடனைக் குழந்தையின் பங்குக்கு முன்னால் வைத்துப் பார்க்க நீதிமன்றங்கள் ஒப்புவதில்லை. அப்பாவின் மருத்துவச் செலவை வையுங்க, அதைப் பார்ப்பார்கள்.

காங்கேயம்_பெரியவர்

எல்லாரும் அந்தத் தம்பிக்கே புத்தி சொல்கிறீர்கள். அந்தப் பெண்ணும் வேலைக்குப் போகிறதா இல்லையா? அரசாங்கம் மாதம் 1000 ரூபாய் உரிமைத் தொகை கொடுக்கிறது. தாய் வீட்டில் வாடகையும் இல்லை. ஆம்பளை ஒருவன் தலையிலேயே எல்லாவற்றையும் ஏற்றினால் அவன் என்ன ஆவான்? எங்கள் காலத்தில் நாலு பெரியவர்கள் உட்கார்ந்து பேசி முடிப்பார்கள். கோர்ட்டுக்குப் போய்த்தான் எல்லாம் கெட்டது.

சென்னிமலைக்காரி

ஐயா, வயதில் பெரியவர், மரியாதையோடு சொல்கிறேன். அந்த 1000 ரூபாய் குடும்பத் தலைவிக்கென்று கொடுப்பது. அதில் பெரும்பகுதி கேஸ் சிலிண்டருக்கே போய்விடும். தாய் வீட்டில் வாடகை இல்லை என்கிறீர்கள். நானும் தாய் வீட்டில்தான் இருக்கிறேன், அங்கே எங்கள் அப்பாரும் ஆத்தாவும் முதியோர் பென்ஷனில் இருக்கிறார்கள். அவர்கள் தட்டிலிருந்து எடுத்துத்தான் பேரன் சாப்பிடுகிறான் என்றால், அவன் அப்பாவின் கடமையை இரண்டு கிழடுகள் சுமக்கிறார்கள் என்றுதான் அர்த்தம்.

நாலு பெரியவர்கள் பேசி முடித்ததும் எங்களுக்கு நடந்தது. மாதம் 5000 கொடுப்பதாகக் கோயில் திண்ணையில் ஒத்துக்கொண்டார்கள். இரண்டாவது மாதமே நின்றது. கேட்கப் போனபோது அந்த நாலு பேரில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

கோபி_கருப்புக்கோட்டு

பெரியவர் கேட்டதில் ஒரு பகுதி சட்டத்திலும் இருக்கிறது. தாய்க்கும் போதுமான வருமானம் இருந்தால் குழந்தையின் படிப்புச் செலவை இருவரும் விகிதப்படி பகிர்ந்துகொள்ளலாம் என்று ரஜ்னேஷ் - நேஹா தீர்ப்பே சொல்கிறது. 146 மனுவில் அந்த அம்மாவின் வருமானத்தையும் கேட்கலாம், தவறில்லை. ஆனால் குழந்தையைக் கூட வைத்துக் குளிப்பாட்டி, பாடம் சொல்லிக் கொடுத்து, காய்ச்சலுக்கு லீவு போட்டுச் சம்பளத்தை இழப்பதும் ஒரு பங்குதான். அதைப் பணமாக யாரும் எழுதிக் காட்டுவதில்லை.

பேசி முடிப்பதும் நல்லதே, கோர்ட்டில் உள்ள சமரச மையத்தில் பேசுங்க. அங்கே கையெழுத்தாகி நீதிபதி முன் பதிவானால்தான் அதற்குப் பலம். அங்கேயும் ஒரு வரம்பு உண்டு. தாய் தனக்கு வர வேண்டியதை விட்டுக்கொடுக்கலாம். மைனர் குழந்தைக்கு உரியதை அடியோடு விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட்டால் அது குழந்தையைக் கட்டுப்படுத்தாது. 'மொத்தமாக 50,000 வாங்கிக்கொண்டு இனி எதுவும் கேட்க மாட்டேன்' என்று எழுதி வாங்கலாம் என யாராவது யோசனை சொன்னால் கேட்காதீங்க, தம்பி. நாளைக்கு மறுபடியும் மனு வரும்.

நியூஜெர்சி_கோவைக்காரன்

சிங்காநல்லூரில் பிறந்து இங்கே அமெரிக்காவில் வந்து செட்டில் ஆனவன். இந்த ஊர் நடைமுறையும் தெரிந்தால் ஒப்பிட்டுப் பார்க்க உதவும் என்று எழுதுகிறேன். இங்கே கணக்கு இன்னும் கறார். பிராட்லி திருத்தம் என்று 1986-ல் ஒரு சட்டம் வந்தது. ஏறிவிட்ட பாக்கியை எந்த நீதிபதியும் பின்தேதியிட்டுக் குறைக்க முடியாது. மனு போட்டு எதிர்த்தரப்புக்குத் தகவல் போன தேதியிலிருந்துதான் குறைக்கலாம். சம்பளத்திலிருந்தே பிடித்து அனுப்பிவிடுவார்கள். பாக்கி 2500 டாலரைத் தாண்டினால் பாஸ்போர்ட் கொடுக்க மாட்டார்கள்.

என்னோடு வேலை பார்த்த நம்ம ஊர்க்காரர் ஒருவருக்கு லேஆஃபில் வேலை போனது. அடுத்த வேலை கிடைத்துவிடும், அப்புறம் சேர்த்துக் கட்டலாம் என்று சும்மா இருந்துவிட்டார். வேலை கிடைக்க எட்டு மாதம் ஆனது. எட்டு மாதத்துக்கும் பழைய பெரிய சம்பளக் கணக்கிலேயே பாக்கி ஏறி நின்றது. ஊருக்கு வந்து அம்மாவைப் பார்க்கக்கூட முடியாமல் தவித்தார். வேலை போன வாரமே ஒரு மனு போட்டிருந்தால் இதில் பெரும்பகுதி வந்திருக்காது. வக்கீல் அண்ணா சொன்ன அதே விஷயம்தான் இங்கேயும்.

சோமனூர்_தறி

வக்கீல் அண்ணா, நான் சொன்ன ஆள் பற்றி விசாரித்தேன். நீங்கள் சொன்னதுதான் சரி. அவர் வெளியே வந்த பிறகு மறுபடி மனு வந்து, கடைசியில் இரண்டு தறியை விற்றுத்தான் கட்டியிருக்கிறார். ஊரில் அந்தப் பகுதியை யாரும் சொல்லவில்லை. பல்லடம்ரோடு, என் பேச்சைக் கேட்க வேண்டாம், கோர்ட்டுக்குப் போங்க.

பல்லடம்ரோடு

எல்லோருக்கும் நன்றி, நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். இதே நிலைமையில் இருப்பவர்களுக்கு உதவும்.

சட்டப்பணிகள் அலுவலகத்துக்குப் போனேன். ஆதார், ஈஎஸ்ஐ கார்டு, நோட்டீஸ் மூன்றையும் பார்த்து ஒரு விண்ணப்பம் எழுதச் சொன்னார்கள். ஒரு லேடி வக்கீலைப் போட்டுக் கொடுத்தார்கள். ஈஎஸ்ஐ சந்தா விவரத்தை பிரிண்ட் எடுத்துப் பார்த்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, 'இது போதும், வேலை குறைந்தது தெரிகிறது' என்பதுதான். சூப்பர்வைசர் அண்ணன் வருகைக் கணக்கை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். பதில், 146 மனு, தவணை மனு, வாக்குமூலம் எல்லாம் ஒன்றாகத் தாக்கல் ஆனது.

வாய்தா அன்று 8000 ரூபாய் கட்டினேன். பாதி சீட்டுப் பணம், மீதி அனுப்பர்பாளையத்தில் ஒரு சின்ன யூனிட்டில் பார்த்த வேலைப் பணம். மீதிப் பாக்கியை மாதம் 3000 வீதம் கட்ட அனுமதி கேட்டோம். அவர்கள் பக்கத்து வக்கீல் முதலில் மறுத்தார். மகளின் அம்மாவே எழுந்து, 'மாதாமாதம் தேதியில் போட்டால் எனக்குச் சம்மதம்' என்று சொல்லிவிட்டார். நீதிபதி அதைப் பதிவு செய்தார். தொகையைக் குறைக்கும் மனு விசாரணைக்கு நிற்கிறது, அதுவரை 7000 தான் கணக்கு. இதோடு 3000 சேர்த்தால் மாதம் பத்தாயிரம், நெருக்கடிதான். லைன் வீட்டை விட்டு நண்பனோடு ரூமைப் பகிர்ந்துகொள்ளப் போகிறேன்.

கோபி_கருப்புக்கோட்டு

நல்ல வேலை செய்தீங்க தம்பி. விசாரணை முடிவதற்குள் முழு 7000 முடியாத மாதம் வந்தால் முடிந்ததைக் கட்டிவிட்டு, அதை ஒரு மெமோவாக நீதிமன்றத்தில் போடச் சொல்லுங்க. தவணையை மட்டும் எக்காரணம் கொண்டும் தவறவிட வேண்டாம். ஒரு தவணை தவறினாலே வாரண்ட் கேட்பார்கள், இப்போது கிடைத்த அந்த அம்மாவின் சம்மதமும் போய்விடும். உங்கள் வேலை மறுபடி ஒன்றரை ஷிஃப்டுக்கு வந்தால் நீங்களே போய்ச் சொல்லுங்க. 146 இரண்டு பக்கமும் வேலை செய்யும், அவர்களும் கூட்டிக் கேட்கலாம்.

சென்னிமலைக்காரி

அண்ணா, எனக்கும் ஒரு சந்தேகம், இதிலேயே கேட்டுவிடுகிறேன். என் ஆர்டர் 2022-ல் வந்தது. இரண்டு வருடம் போலக் கட்டினார், அப்புறம் நின்றுவிட்டது. ஒன்றரை வருடப் பாக்கி இருக்கிறது, நான் இதுவரை மனுவே போடவில்லை. ஒரு வருடத்துக்கு மேல் போனால் எல்லாம் போய்விடும் என்று ஒருவர் சொன்னார். இது உண்மையா?

கோபி_கருப்புக்கோட்டு

பாதி உண்மை, அம்மணி. ஒவ்வொரு மாதத் தொகைக்கும் அது சேர வேண்டிய தேதியிலிருந்து ஒரு வருடத்துக்குள் மனு போட்டால்தான் வாரண்ட் முறையில் வசூலிக்க முடியும். ஆக இன்றைக்கு மனு போட்டால் கடந்த 12 மாதம் அதில் வரும். நீங்கள் இன்னும் ஒரு மாதம் தள்ளினால் பின்னாலிருந்து ஒரு மாதம் அந்த வழியிலிருந்து கழன்றுவிடும். ஆனால் உரிமையே செத்துவிடாது. 2013-ல் நம்ம தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலேயே உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லியிருக்கிறது. அந்த ஒரு வருடம் என்பது வசூலிக்கும் முறைக்குத்தான் வரம்பு, வாங்கும் உரிமைக்கு இல்லை. பழைய ஆறு மாதத்தை சிவில் முறையில் வசூலிக்க முடியுமா என்று தனியாகப் பார்க்கலாம், மனுவை விசாரிக்கும்போதே உங்கள் வக்கீலிடம் சொல்லி வையுங்க.

ஆர்டர் நகல் உங்களிடம் இருக்கிறதா? இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ஜீவனாம்ச ஆர்டரின் நகலைக் காசு வாங்காமல் கொடுக்க வேண்டும் என்று 147-வது பிரிவிலேயே இருக்கிறது. அதையும், அவர் கடைசியாகப் பணம் போட்ட பக்கம் வரை என்ட்ரி போட்ட பேங்க் பாஸ்புக்கையும் எடுத்துக்கொண்டு வருகிற திங்கட்கிழமையே சட்டப்பணிகள் அலுவலகத்துக்குப் போயிடுங்க. உங்களுக்கு ஃபீஸ் கிடையாது.

சென்னிமலைக்காரி

நகல் இருக்கிறதுங்க அண்ணா. திங்கட்கிழமை அரை நாள் லீவு சொல்லிவிட்டேன்.